பிளஸ் டூ எதற்காக? தெரிந்துகொள்ள வேண்டியவை

1978க்கு முன்பு தமிழ்நாட்டில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள், பட்டப்படிப்புக்கு முந்தைய ஓராண்டுப் படிப்பான பி.யூ.சி. படிக்கக் கல்லூரி வாசலுக்குத்தான் போக வேண்டும். கல்லூரிகளோ பெரும்பாலும் நகரங்களில். 1978இல் பதினொன்றும் பன்னிரண்டும் பள்ளிக்குள் வந்தன. கிராமத்துப் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, இது பெரிய விஷயம்.

கோத்தாரி கல்விக் குழு (1964-66) சொன்ன 10+2+3 முறையில் நடுவில் நிற்பது இந்த இரண்டு வருடம். இதற்கு இரண்டு வேலைகள்: கல்லூரிக்குத் தயார் செய்வது, கல்லூரிக்குப் போகாதவர்களுக்கு ஒரு தொழிலைக் கையில் கொடுப்பது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தொழிற்கல்விக்குப் போக வேண்டும் என்று குழு விரும்பியது. அது நடக்கவே இல்லை. தொழிற்கல்விப் பிரிவை இன்றும் மார்க் குறைந்தவர்களுக்கான இடமாகவே பார்க்கிறோம், இது தவறு. அதில் படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடே இருக்கிறது.

குரூப் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அறிவியல் குரூப் படித்தவர் பிறகு பி.காம். பக்கம் போகலாம். காமர்ஸ் எடுத்தவர் எம்.பி.பி.எஸ். பக்கம் நேரடியாகத் திரும்ப முடியாது. பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் மதிப்பெண் 200இல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அதற்காகப் பிடிக்காத கணிதத்தைப் பிள்ளை தலையில் கட்டவும் வேண்டாம்.

கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் கிடைப்பவை பெரும்பாலும் மாநில அரசின் திட்டங்கள்தான். பதினொன்றாம் வகுப்பில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு சைக்கிள் கிடைக்கும். அதைவிடப் பெரியது அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% இட ஒதுக்கீடு: 2020இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது.

இங்கேதான் பல பெற்றோர் ஏமாந்து போகிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படிக்கவைத்து, "கடைசி ரெண்டு வருஷம் மட்டும் பிரைவேட்" என்று மாற்றினால் அந்த உரிமை போய்விடும். பணம் கட்டுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

அப்புறம், கல்லூரியில் சேர்ந்த பிறகு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார்கள் என்றுதான் பார்ப்பார்கள். இவற்றில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் சேர்த்தி. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கிடைக்கும். சேர்ந்த கல்லூரி மூலமாகவே விண்ணப்பிக்கலாம்.