ஒரு நொடி வேலைக்கு இருபது நிமிடக் காத்திருப்பு

புரொடக்‌ஷன் (அதாவது பயனர்கள் நேரடியாகப் பயன்படுத்தும்) தரவுத்தளங்களைப் பல ஆண்டுகள் காத்துவந்த நிர்வாகி ஒருவர், மென்பொருளை உருவாக்கும் குழுவின் தரவுத்தளப் பணிக்கு மாறும்போது, காப்புப்பிரதி எடுப்பதும் வட்டில் இடம் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் பெரும்பாலும் அவர் பொறுப்பிலிருந்து விலகிவிடுகின்றன. அவற்றுக்குப் பதிலாக, அட்டவணைகளை வடிவமைப்பதும், வினவல்களைச் சீர்படுத்துவதும், அட்டவணை அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்டுகளைச் சரிபார்ப்பதும் வந்துசேர்கின்றன. கடைசியாகச் சொன்ன வேலையில்தான் அவருடைய பழைய அனுபவம் அதிகம் பயன்படுகிறது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் பூட்டுகள், அதாவது ஒரே அட்டவணையில் மோதும் வேலைகளை ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கவைக்கும் ஏற்பாடுகள், இயங்கும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும்.

அட்டவணையில் புதிய நெடுவரிசை சேர்க்கும் ‘ஆல்டர் டேபிள்’ கட்டளை, போஸ்ட்கிரஸின் எட்டு வகை அட்டவணைப் பூட்டுகளில் மிகக் கடுமையானதைக் கேட்கிறது. வெறுமனே படிக்கும் ‘செலக்ட்’ வினவலும் அதனுடன் ஒத்துப்போகாது. 2018இல் வெளிவந்த 11ஆம் பதிப்புக்கு முன்பு, இயல்பு மதிப்புடன் நெடுவரிசை சேர்த்தால் அட்டவணை முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. அதன்பின், மாறா மதிப்பாக இருந்தால், அதை ஓரிடத்தில் குறித்துவைப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. எனவே இனி ஆபத்தில்லை என்று நிரலாளர் நினைப்பது இயல்புதான்.

வேலை நொடியில் முடியும். ஆனால் பூட்டு கிடைக்க வேண்டுமே! அதே அட்டவணையை ஓர் அறிக்கை வினவல் இருபது நிமிடமாகப் படித்துக்கொண்டிருந்தால், அது முடியும்வரை ஆல்டர் காத்திருக்கும். அதற்குப் பின் வரும் செலக்ட்களுக்கு அறிக்கை வினவலோடு எந்த மோதலும் இல்லை என்றாலும், முன்னால் நிற்கும் ஆல்டரோடு மோதல் உண்டு என்பதால், அவையும் அதன் பின்னால் வரிசையில் நின்றுவிடுகின்றன. சில நொடிகளில் இணைப்புகள் அனைத்தும் நிரம்பி, செயலி உறைந்துபோகிறது. கணினியின் மையச் செயலகமோ ஏறத்தாழ ஓய்வாக இருக்கும். முதல் முறை பார்ப்பவரை நன்றாகவே குழப்பும் காட்சி இது. நிரலாளரின் மடிக்கணினியில் அந்த அறிக்கை ஓடுவதில்லை என்பதால், அங்கே எல்லாச் சோதனையும் தேறிவிடும்.

பூட்டுக்காகக் காத்திருக்கும் கால வரம்பைப் போஸ்ட்கிரஸ் இயல்பாக 0 என்று வைத்திருக்கிறது. அதாவது, வரம்பே இல்லை. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் அதை 2 நொடி என்று அமைத்து, தோற்றால் சற்று இடைவெளிவிட்டு மீண்டும் முயலச் செய்தால், வரிசை நீளாது. தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸை உருவாக்கும் கட்டளையும் சாதாரணமாக அட்டவணையில் எழுதுவதைத் தடுத்துவிடும். ‘கன்கரன்ட்லி’ என்ற சொல்லைச் சேர்த்தால் தடுக்காது. ஆனால் அட்டவணையை இருமுறை படிப்பதால் நேரம் கூடும், பரிவர்த்தனைத் தொகுதிக்குள் (ஒன்றாக நிறைவேறும் அல்லது ஒன்றாக ரத்தாகும் கட்டளைகளின் தொகுப்புக்குள்) இயங்காது, பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்றை விட்டுச்செல்லும்.

வினவல்களிலும் இதே ஏமாற்றம் உண்டு. போஸ்ட்கிரஸ் தரவை 8 கிலோபைட் பக்கங்களாகச் சேமிக்கிறது. சோதனை அட்டவணை சில பக்கங்களுக்குள் அடங்கிவிட்டால், இண்டெக்ஸ் இருந்தாலும் அதைத் தொடாமல் முழு அட்டவணையையும் படிப்பதே மலிவு என்று திட்டமிடும் பகுதி சரியாகவே கணக்கிடுகிறது. ஆகவே, தேவையான இண்டெக்ஸ் இல்லாததும் அங்கே தெரியவராது. புதிய பணியில் சேர்பவர் முதலில் கேட்டுப்பெற வேண்டியது, தனிப்பட்ட விவரங்கள் மறைக்கப்பட்ட, ஆனால் அளவிலும் மதிப்புகளின் பரவலிலும் புரொடக்‌ஷனை ஒத்த ஒரு தரவுத் தொகுப்பு என்பேன்.