வெள்ளைப் பட்டை விழுந்த செம்பனைக் கன்று

சுங்கை சிப்புட் பக்கம் சிறு தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், சென்ற மாதம் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு செம்பனைக் கன்றைக் கட்டிக்கொண்டு நாற்றங்காலுக்கு வந்தார். நடுநரம்புக்கு ஒரு பக்கம் நல்ல பச்சை. மறுபக்கம் அடியிலிருந்து நுனிவரை பால் வெள்ளை.

"தம்பி, மூன்று தடவை உரம் வைத்துவிட்டேன். வெள்ளை மாறவே இல்லையே" என்றார்.

மாறாது. மக்னீசியம் குறைந்தால் முதலில் பழைய ஓலைதான் மஞ்சளாகும். அதிலும் இன்னோர் இலையின் நிழல் விழும் இடம் பச்சையாகவே நிற்கும். கீசரைட் என்னும் மக்னீசிய உரம் வைத்தால் அடுத்து வரும் ஓலைகள் தெளியும். இதுவோ குருத்திலேயே கோடு கிழித்தாற்போல் பிரிந்திருக்கிறது. கோளாறு மண்ணில் இல்லை, இலையின் செல்லில்.

ஒளிச்சேர்க்கை நடத்துவது, செல்லுக்குள் இருக்கும் பசுங்கணிகம் என்னும் பச்சை நுண்ணுறுப்பு. அதற்கென்று சொந்த மரபணுக்கள் நூற்றுச் சொச்சம் உண்டு. ஆனால் அதற்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி, ஆயிரக்கணக்கில், செல்லின் மையமான உட்கருவின் உத்தரவில்தான் வருகிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடிக்கும் ருபிஸ்கோ நொதியையே பாருங்கள்: பெரிய துண்டு 8, சிறிய துண்டு 8. பெரியதைப் பசுங்கணிகம் தன் மரபணுவைக் கொண்டே செய்துகொள்கிறது. சிறியதற்கான மரபணு உட்கருவில். அம்மி ஒரு வீட்டில், குழவி அடுத்த வீட்டில் என்று வைத்தது போல.

உட்கரு தாய், தந்தை இருவரின் கலவை. பசுங்கணிகமோ பெரும்பாலான செடிகளில் தாய்வழிச் சொத்து. தூரத்து இனங்களைக் கலக்கும்போது தாயின் பசுங்கணிகத்துக்கு அந்நிய உட்கரு ஒத்துவராமல் போகலாம். பெல்லடோனா செடியின் உட்கருவையும் புகையிலையின் பசுங்கணிகத்தையும் ஆய்வுக்கூடத்தில் சேர்த்தார்கள். இரண்டும் கத்தரிக் குடும்பம்தான். ஆனாலும் செடி வெள்ளையாய் முளைத்தது. புகையிலைப் பசுங்கணிகத்தின் ஒரு மரபணுச் செய்தியில் திருத்தவேண்டிய ஓர் எழுத்தை பெல்லடோனா உட்கருவுக்குத் திருத்தத் தெரியவில்லை. மாற்றிச் சேர்த்தபோது பச்சையாகவே வந்தது!

தாய்வழியை நம் அந்திமந்தாரையிலேயே காட்டியவர் ஜெர்மன் தாவரவியலாளர் கார்ல் காரென்ஸ், 1909இல். வெள்ளைக் கிளையில் பூத்த பூவுக்கு எந்தக் கிளையின் மகரந்தம் சேர்ந்தாலும் கன்று வெள்ளைதான்.

நாம் நடும் தெனேரா வகைச் செம்பனை, தூரா வகைத் தாய்க்கும் பிசிஃபெரா வகைத் தந்தைக்கும் பிறந்தது. இரண்டும் ஒரே இனம் என்பதால் இவ்வளவு பெரிய பிணக்கு இங்கே எதிர்பார்ப்பதற்கில்லை. பெரியவரின் கன்றில் ஏதோ ஒரு செல்லில் மரபணு பழுதாகி, அதன் வழிவந்த செல்களெல்லாம் வெளுத்திருக்க வேண்டும். உட்கருவா, பசுங்கணிகமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டில் எது கெட்டாலும் உரம் அதைச் சரிசெய்யாது. இப்படிப்பட்ட கன்றை நாற்றங்காலிலேயே கழித்துவிட வேண்டும். அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிடும் வியாபாரியிடம் எனக்குக் கோபம்தான். வெள்ளைப் பகுதி உணவு சமைக்காது. பச்சைப் பகுதி சமைத்ததைத் தின்னும். அந்த மரம் இருபத்தைந்து ஆண்டு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

இதையெல்லாம் கேட்ட பெரியவர் கன்றை மறுபடி வண்டியில் கட்டினார்.

"தோட்டத்தில் வைக்கவில்லை, தம்பி. வீட்டு வாசலில் வைக்கிறேன். பார்க்க அழகாகத்தானே இருக்கிறது?"