கண் முன்னால் கழியச் சொல்லாத சிறுநீர்ப் பரிசோதனை

போதை மறுவாழ்வுச் சிகிச்சைக்கு வருபவர்களில் கணிசமானோர் அடி, வன்முறை, பாலியல் கொடுமை என ஏதோ ஒன்றைத் தாண்டி வந்தவர்கள். அப்படிப்பட்டவர் கையில் போதைப்பொருள் பரிசோதனைக்கான சிறுநீர்க் கோப்பையைக் கொடுத்து, "நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கழியுங்கள்" என்றால் உடல் எப்படி ஒத்துழைக்கும்? அச்சம் எழுந்ததும் பரிவு நரம்புகள் முடுக்கிவிடப்படுகின்றன. சிறுநீர்ப்பையின் சுவர்த் தசை தளர்கிறது, பையின் வாய்ப்பகுதியிலுள்ள சுருக்குத் தசை இறுகுகிறது. பை நிரம்பியிருந்தும் சொட்டு வராது. கோப்பிலோ 'மாதிரி தர மறுத்தார்' என்று பதிவாகிறது. அது மறுப்பல்ல.

அடுத்த தவறு தண்ணீர். "நிறையக் குடித்துவிட்டு முயலுங்கள்" என்பார்கள். ஒரே மூச்சில் ஒன்றிரண்டு லிட்டர் குடித்தவரின் சிறுநீர் நீர்த்துத்தான் வரும். பிறகு அதையே காட்டி, 'கலப்படம் செய்தார்' என்று சந்தேகிப்பார்கள்.

உற்றுப் பார்ப்பதன் நோக்கம் ஏமாற்றைத் தடுப்பது. அந்த வேலையில் பெரும்பகுதியை மாதிரியே செய்துவிடும். கழித்த 4 நிமிடத்துக்குள் அதன் வெப்பநிலை 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கோப்பையில் ஒட்டிய பட்டையே அதைக் காட்டும். தசைகளிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழும், ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.003-க்குக் கீழும் போனால் நீர்த்த மாதிரி. அதற்குப் பொருள் 'இன்னொரு நாள், காலை முதல் சிறுநீரை எடுக்கலாம்' என்பதே, 'பொய்யர்' என்பதல்ல. கழிப்பறைத் தொட்டி நீரில் நீலச் சாயம் ஊற்றி, உள்ளே உள்ள குழாயை அடைத்துவிட்டால் கதவை அவரே தாழிட்டுக்கொள்ளலாம்.

ஓபியம் வகைப் போதைக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சையாகத் தரப்படும் பியூப்ரினார்ஃபின் மாத்திரையைச் சாப்பிடாமல், சாப்பிட்டதாகக் காட்டக் கோப்பையில் கரைப்பவர்களும் உண்டு. கல்லீரல் வழியாகச் சென்ற மருந்து நார்பியூப்ரினார்ஃபினாக மாறிச் சிறுநீரில் வரும். மூல மருந்து எக்கச்சக்கமாக இருந்து இந்த மாற்றுப்பொருள் அநேகமாக இல்லையென்றால், மருந்து உடலுக்குள் போகவில்லை என்று ஆய்வகம் சொல்லிவிடும். எந்தக் காவலாளியின் கண்ணும் இவ்வளவு நுட்பமாகப் பார்க்காது.

அறையில் நடப்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். எதற்காகப் பரிசோதனை, முடிவு யாருக்குப் போகும், போதைப்பொருள் தெரிந்தால் என்ன ஆகும் என்பதைக் கோப்பையைக் கொடுக்கும் முன்பே சொல்லுங்கள். "இன்று என்ன காட்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள், தண்டனை இல்லை என்று நம்பியவர் பெரும்பாலும் தாமே சொல்லிவிடுவார். மாதிரி எடுப்பவர் ஆணா பெண்ணா என்பதை அவர் தேர்ந்தெடுக்கட்டும். முடிவைச் சொல்ல 'சுத்தம்', 'அழுக்கு' என்ற சொற்களை அறவே விடுங்கள். பரிசோதனை மீட்சிக்குத் துணை நிற்க வேண்டும், தண்டிக்கும் கருவியாகக் கூடாது என்று அமெரிக்க அடிமைநோய் மருத்துவச் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது.

தண்டிக்காதிருக்க அறிவியல் காரணமும் உண்டு: போதைப்பொருளைக் கண்டறியும் பரிசோதனைப் பட்டை தவறும். போதைப்பொருள் இருந்தால் கோடு தோன்றாது, இல்லாவிட்டால் தோன்றும். மங்கிய கோடும் 'இல்லை' என்றே பொருள். அவசரத்தில் இதைத் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள். பட்டையிலுள்ள எதிர்ப்பொருள் ஒரு மூலக்கூறின் வடிவத்தைத்தான் அறியும், அதைப் போன்ற வேறொன்றும் அதை ஏமாற்றலாம். மனச்சோர்வுக்கான புப்ரோப்பியான், ஊக்கப் போதைப்பொருளான ஆம்ஃபிடமைனாகத் தெரியலாம், மனச்சோர்வுக்கே தரப்படும் செர்ட்ரலின், மயக்க மருந்து வகையான பென்சோடயசெபினாக, நுண்ணுயிர்க்கொல்லி லெவோஃப்ளாக்சசின் ஓபியமாகத் தெரியலாம். எதிர்த்திசையிலும் பிழை உண்டு: வழக்கமான ஓபியப் பட்டை, செயற்கை ஓபியம் வகைகளான ஃபென்டனிலையும் மெத்தடோனையும் காணாது, பல பென்சோடயசெபின் பட்டைகள் அதே வகையைச் சேர்ந்த குளோனசெபாமைத் தவறவிடும். எனவே நோயாளி மறுக்கும் எந்த முடிவையும், மூலக்கூறுகளைத் துல்லியமாக இனங்காணும் ஆய்வகக் கருவியான நிறை நிறமாலைமானியில் உறுதிசெய்யாமல் மருந்தை நிறுத்தவோ அவரைச் சிகிச்சையிலிருந்து வெளியேற்றவோ கூடாது. கஞ்சாவில் இன்னொரு சிக்கல். தினமும் புகைத்தவர் நிறுத்தி ஒரு மாதம் கழித்தும் அதன் எச்சம் சிறுநீரில் தெரியலாம்.

சிறுநீரே வேண்டாம் என்பவருக்கு உமிழ்நீர் உண்டு. 10 நிமிடம் எதுவும் உண்ணாமல், குடிக்காமல் இருந்து, பஞ்சுக் குச்சியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் வைத்தால் போதும். ஆடையைத் தொட வேண்டியதில்லை, எதிரில் ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் கூச்சமில்லை. பெரும்பாலும் கடைசி ஒன்றிரண்டு நாள் பயன்பாட்டைத்தான் இது காட்டும். வாய் வறண்டவர்களுக்குக் குச்சி நனைய நேரமாகும், அவசரப்படுத்தக் கூடாது. நாக்கடியில் பியூப்ரினார்ஃபின் வைப்பவர்களுக்கு அதன் மிச்சம் வாயிலேயே தங்கி அளவை ஊதிக்காட்டும் என்பதால், மருந்து ஒழுங்காக எடுக்கிறாரா என்று அறிய மட்டும் சிறுநீரையே நாட வேண்டியிருக்கும்.