கைக்கு வரலீங்களா? முதல்ல காகிதத்தைப் பாருங்க

உடுமலையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரியவர்களுக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். பணி ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளை வெளியூருக்குப் படிக்க அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பவர்கள், மில்லிலும் பேங்கிலும் வேலை பார்ப்பவர்கள் வருகிறார்கள். முதல் நாள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "மாஸ்டர், ஆசையெல்லாம் இருக்குதுங்க. கைக்குத்தான் வரமாட்டேங்குது."

நான் கையைப் பார்ப்பதில்லை. "எதுல வரைஞ்சீங்க, அதைக் காட்டுங்க" என்பேன்.

பையிலிருந்து பள்ளிக்கூட டிராயிங் நோட்டு ஒன்று வெளியே வரும். அதில் வாட்டர்கலர் அடித்திருப்பார்கள். தாள் அப்பளம் போல நெளிந்திருக்கும். பள்ளத்தில் வண்ணம் குட்டையாகத் தேங்கி நிற்கும். நாலு தடவை பிரஷ் போன இடத்தில் தாளின் மேல்தோல் உரிந்து திரிதிரியாக வந்திருக்கும். இந்தத் தாளில் நான் அடித்தாலும் அப்படித்தான் வரும்.

வாட்டர்கலர் என்பது வண்ணப்பொடியையும் வேலமரத்துப் பிசின் வகை ஒன்றையும் சேர்த்துக் குழைத்தது. அதைத் தாளில் கொண்டுபோய் விடுவது தண்ணீர். அந்தத் தண்ணீரைத் தாங்குகிற தாள் வேண்டும். தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது கணக்கு. ஜெராக்ஸ் தாள் 70, 80. வாட்டர்கலருக்கு 300 கேட்டு வாங்குங்கள். விலை அதிகம்தான். ஆனால் 22 அங்குலத்துக்கு 30 அங்குலம் முழுத்தாளை எட்டாகக் கிழித்தால், ஒரு மாதத்துக்குப் போதுமான சின்னத் தாள்கள் கிடைக்கும். நாற்பத்தெட்டு கலர் பெட்டிக்குக் கொடுக்கிற காசைத் தாளுக்குக் கொடுங்கள்.

கலர்? அல்ட்ராமரின் புளூ ஒன்று, பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு ஒன்று. முதல் மாதம் இந்த இரண்டு டியூப் போதும் என்றால் யாரும் நம்புவதில்லை. அவர்களைக் காங்கேயம் மாட்டைப் போடச் சொல்வேன். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறம். அது பர்ன்ட் சியன்னாவேதான். ஆறு மாத வாக்கில் சாம்பலுக்கு மாறும். அதே பழுப்பில் கொஞ்சம் நீலத்தைச் சேருங்கள், சாம்பல் வந்துவிடும். நீலத்தைக் கூட்டித் தண்ணீரைக் குறைத்தால், காளையின் திமிலில் இருக்கிற கருமையும் அங்கேயே இருக்கும். கறுப்பு டியூப் தேவையே இல்லை. பல்லடம் பக்கத்திலிருந்து வரும் ஒரு அம்மணி மூன்று மாதமாகக் கன்றுகளை மட்டும் போட்டார். இப்போது அவர் கலக்குகிற சாம்பல் நிறத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது.

நம் ஊரில் இன்னொரு சங்கதி உண்டு. ஆனியும் ஆடியும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, காற்றாலையை மட்டும் சுற்றாது. வானத்துக்கு நீலம் இழுத்துப் பாதிகூட முடிந்திருக்காது, மேல்பாதி காய்ந்து கோடு கட்டிவிடும். மேற்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, தாளை இருபுறமும் நனைத்துப் பலகையில் ஒட்டவைத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஃபேனையும் நிறுத்துங்கள், புழுங்கினாலும் பரவாயில்லை.

வாட்டர்கலரில் பிசகினால் மறைக்க முடியாது என்று பயப்படுகிறவர்களுக்கு போஸ்டர் கலர் நல்லது. அடர்நிறத்தின்மேல் வெளிர்நிறத்தை வைத்து மறைக்கலாம், சாதாரணக் கெட்டி அட்டையே போதும்.

அக்ரிலிக் பலருக்குப் பிடிக்கிறது, எனக்கும்தான். ஈரமாக இருக்கும்வரை தண்ணீரில் கரையும். காய்ந்தால் பிளாஸ்டிக் தோல் மாதிரி ஆகிவிடும், பிறகு தண்ணீருக்கு அசையாது. டீ குடிக்கப் போய்விட்டு வந்தால் பிரஷ் குச்சியாகியிருக்கும். தட்டில் ஈரத்துணி விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு அதில் கலரை வையுங்கள், நெடுநேரம் காயாது. கழுவிய தண்ணீரைச் சிங்க்கில் கொட்டாமல் தெளியவைத்து அடிமண்டியைத் துடைத்து எறியுங்கள், இல்லையென்றால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

ஆயில் பெயிண்டுக்குத்தான் இந்தக் கட்டுரையையே எழுத நினைத்தேன். "ஆரம்பமே ஆயில்லயே போயரலாமுங்களா?" என்று கேட்டவர் ஒருவர், கேட்டுவிட்டு நிற்காமல் வாங்கியும்விட்டார். ஆயில் கலரை இளக்குகிற டர்பன்டைன் கிடைக்கவில்லை என்று, கதவுக்கு அடிக்கிற பெயிண்டில் கலக்கும் தின்னரை வாங்கி, ஏசி போட்டு மூடிய படுக்கையறையில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். இரண்டாம் நாள் தலைவலி, குமட்டல். டாக்டரிடம் போகிறவரைக்கும் அவருக்குக் காரணம் தோன்றவில்லை. அந்தத் தின்னர் ஓவியத்துக்கு ஆனது அல்ல. டர்பன்டைனே ஆனாலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும்; வீட்டில் இழுப்பு உள்ளவர்கள் இருந்தால் தொடவே தொடாதீர்கள். சமையல் எண்ணெயில் பிரஷ்ஷைத் துடைத்தெடுத்து, பிறகு சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினாலும் சுத்தமாகும்.

அதைவிட முக்கியம் துணி. ஆயில் கலரில் இருப்பது ஆளிவிதை எண்ணெய். அது தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகிறது. அப்போது சூடு பிறக்கும். நாம் கை துடைக்கப் பயன்படுத்துவது திருப்பூர் பனியன் வேஸ்ட். எண்ணெய் நனைந்த அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறி ஏறித் தானாகவே தீப்பிடிக்கலாம். தீக்குச்சி வேண்டியதில்லை. வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடி போட்டு வையுங்கள்.

எந்தக் கலராக இருந்தாலும் பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூர்மையாக்க வேண்டாம். சில மஞ்சளிலும் சிவப்பிலும் காட்மியம் என்கிற நச்சு உலோகம் இருக்கிறது. டீ கிளாஸையும் பிரஷ் கழுவுகிற கிளாஸையும் பக்கத்தில் வைக்காதீர்கள். சிரிக்காதீர்கள், நான் குடித்திருக்கிறேன்.

"இதெல்லாம் எதுக்குங்க, ஈரோட்டு மஞ்சளைக் கரைச்சு அடிச்சா இயற்கையாச்சே?" என்று கேட்பவர்கள் உண்டு. அடிக்கலாம், ஒரு வாரத்துக்குக் கண்ணைப் பறிக்கும். ஆனால் மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் வெளுக்கும். சுண்ணாம்பு பட்டால் ஆரத்தித் தட்டு மாதிரி சிவந்துவிடும். விளையாடிப் பார்க்க அருமை, ஃபிரேம் போட்டு மாட்ட ஆகாது. மாட்டுவதற்கு மண்ணிலிருந்து எடுத்த காவி நிற்கும்.

பல்லடத்து அம்மணி போன வாரம் பெரிய தாள் கேட்டார், முழுத்தாளில் ஒரு காளை போட வேண்டுமாம். ஆடிக் காற்று நிற்கட்டும், ஆவணியில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.