"இது இனவெறியா, இல்லையா?"

இங்கிலாந்துப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு இனவெறி எதிர்ப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பள்ளியில் ஒரு பிள்ளையிடம் யாராவது இனத்தைச் சொல்லிப் பேசியது செய்தியாகிவிட்டால் வானொலியிலிருந்தும் டிவியிலிருந்தும் கருத்துச் சொல்லக் கூப்பிடுவார்கள். போனால் முதல் கேள்வியே "இது இனவெறியா, இல்லையா?" என்பதுதான். "இல்லை" என்று சொல்வதற்கென்றே எதிரில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சொன்னவரின் மனதில் என்ன இருந்தது என்று இருவரும் மல்லுக்கட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். பள்ளி என்ன செய்தது என்ற பேச்சே வராது.

1993 ஏப்ரல் 22 அன்று லண்டன் எல்தமில் பஸ்ஸுக்காக நின்ற 18 வயது கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸை வெள்ளை இளைஞர் கும்பல் ஒன்று குத்திக் கொன்றது. அந்தக் கும்பலில் இருவருக்குத் தண்டனை கிடைக்க 2012 ஆகிவிட்டது. இடையில், அந்தக் கொலையைக் காவல்துறை விசாரித்த விதத்தை ஆராய்ந்து 1999இல் வந்த மக்ஃபர்சன் அறிக்கை, காவல்துறை என்ற அமைப்புக்குள்ளேயே இனவெறி இருக்கிறது என்றது. பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ இனவெறி என்று கருதினால் அதை இனவெறிச் சம்பவமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. அதன் 70 பரிந்துரைகளில், பள்ளிகள் இத்தகைய சம்பவங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் உண்டு. பதிவு செய்வது தீர்ப்பு ஆகாது. விசாரணை அங்கேதான் தொடங்குகிறது. இது புரியாமல் "அப்படியென்றால் என் மாணவனை இனவெறியன் என்கிறீர்களா?" என்று கோபப்படும் தலைமை ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஊடகத்துக்கும் இதே குழப்பம்தான். 2019இல் அமெரிக்க அதிபர் டிரம்ப், அந்நாட்டு நாடாளுமன்றத்தின் வெள்ளையரல்லாத பெண் உறுப்பினர்கள் சிலரை 'வந்த இடத்துக்கே திரும்பிப் போங்கள்' என்ற தொனியில் தாக்கியதைப் பற்றி பிபிசி தொகுப்பாளர் நாகா முன்செட்டி நேரலையில் பேசினார். தன்னிடமும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், அதன் வேர் இனவெறிதான் என்றார். உங்கள் அனுபவத்தைச் சொல்லலாம், ஆனால் டிரம்பின் நோக்கத்தை விமர்சித்தது விதிமீறல் என்றது பிபிசியின் புகார்ப் பிரிவு. எதிர்ப்பு வலுத்ததும் தலைமை இயக்குநர் டோனி ஹால் அந்த முடிவை மாற்றினார்.

சரி, நம் வீட்டுப் பிள்ளையிடம் பள்ளியில் யாராவது இனவெறியோடு பேசிவிட்டால்? "விடு, படிப்பைப் பாரு" என்பதுதான் பெரும்பாலான தமிழ் வீடுகளில் கிடைக்கும் பதில். (கறுப்பினத்தவரைப் பற்றி அதே வீடுகளில் புழங்கும் சொற்களை நான் இங்கே எழுதப் போவதில்லை.) விட்டுவிடாதீர்கள். பள்ளிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். என்றைக்கு நடந்தது, என்ன வார்த்தை, யார் கூட இருந்தார்கள் என்பதையெல்லாம் பிள்ளை சொன்னபடியே எழுதுங்கள். இனவெறிச் சம்பவமாகப் பதிவு செய்தீர்களா, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். இனம் போன்றவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் பள்ளிகளுக்கும் பொருந்தும். தலைமை ஆசிரியர் மழுப்பினால் புகாரை நிர்வாகக் குழுவுக்குக் கொண்டுபோகலாம். அந்த நடைமுறை பள்ளியின் இணையதளத்திலேயே இருக்கும். "அவன் ஸாரி சொல்லிட்டான்" என்பதோடு முடித்துக்கொள்ள ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், வீடியோ இருந்தால் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் பள்ளிக்கு அனுப்புங்கள். அது பரவினால் செய்திக்காரர்கள் வருவார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையை நேரலைக்குக் கூட்டிவர முடியுமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். முடியாது என்றுதான் சொல்வேன். நீங்களும் அப்படியே சொல்லலாம்.