நிறமும் நிலையும்: பள்ளி வாசிப்பு நூல்களின் படிநிலை குறித்த விளக்கம்

மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் முப்பது பிள்ளைகளுக்கும் ஒரே பாடநூல் வழங்கப்பட்டாலும், அவர்களுள் சிலர் கதைகளைத் தாமே படிப்பவர்களாகவும், சிலர் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களாகவும், இன்னும் சிலர் உயிர்மெய் வரிசையிலேயே தடுமாறுபவர்களாகவும் இருப்பது எந்தப் பள்ளிக்கும் புதிதல்ல. இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் படிக்கக்கூடிய நூலைக் கொடுத்து மேலே கொண்டுசெல்வதற்காக உருவானவையே நிலைவாரி வாசிப்பு நூல்கள். நூல்கள் கடினத்தன்மையின்படி பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிறமோ பெயரோ இடப்படுகிறது. அமெரிக்காவில் 1957-இல் வெளிவந்த எஸ்.ஆர்.ஏ. (சயின்ஸ் ரிசர்ச் அசோசியேட்ஸ்) நிறுவனத்தின் வாசிப்பு அட்டைப்பெட்டி நிறமுறையைப் பள்ளிகளில் பரப்பியது. பெங்களூருவின் ஹிப்போகேம்பஸ் வாசிப்பு அறக்கட்டளை, பச்சையில் தொடங்கி சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை, நீலம் வழியாக மஞ்சளில் முடியும் ஆறு நிற வரிசையை ‘குரோபை’ என்னும் பெயரில் நூலகங்களுக்கு வகுத்தளித்தது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் நிறங்களைவிடப் பெயர்களே பரவலாகப் புழங்குகின்றன. 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்து, எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பதை 2025-ஆம் ஆண்டுக்குரிய இலக்காகக் கொண்டது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையில் நடைமுறைப்படுத்தப்பட்ட இத்திட்டம் 2023-24 கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. தொடக்க மதிப்பீட்டின் அடிப்படையில் பிள்ளைகள் பாடவாரியாக அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று நிலைகளில் சேர்க்கப்படுகிறார்கள். எனவே மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் தமிழில் மொட்டு நிலையிலும் கணக்கில் மலர் நிலையிலும் இருந்தால், அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

பாடநூலுக்கு வெளியிலான வாசிப்புக்காக 2023-இல் பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய ‘வாசிப்பு இயக்கம்’, சிறு கதைநூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளாகப் பிரித்து வழங்குகிறது. நான்கும் ஏவல் வினைகளாக அமைந்திருப்பது இப்பெயர்களின் சிறப்பு. அவை பிள்ளை அடுத்துச் செய்ய வேண்டியதைச் சொல்கின்றனவே தவிர, பிள்ளை எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்வதில்லை.

ஒரு நூல் எந்த நிலைக்குரியது என்பதை எவ்வாறு முடிவு செய்வது? வரிகளின் எண்ணிக்கை, எழுத்தின் அளவு, படங்களுக்கு ஒதுக்கிய இடம் ஆகியவை எந்த மொழிக்கும் பொதுவானவை. தமிழுக்கென்று சில தனிக்கூறுகளும் உண்டு. ‘கொ’ என்னும் எழுத்தைப் படிக்கும் பிள்ளை, முன்னே நிற்கும் ஒற்றைக்கொம்பையும் பின்னே நிற்கும் துணைக்காலையும் ஒருசேரக் கண்டு, நடுவிலிருக்கும் எழுத்தோடு இணைத்து ஒலிக்க வேண்டும். லகர, ளகர, ழகர வேறுபாடு பல வீடுகளின் பேச்சில் இல்லாத நிலையில், அது அச்சில்தான் முதன்முதலாக எதிர்ப்படுகிறது. இவற்றைவிடப் பெரிய தடை சொற்களின் நீளம். ‘வீடு’ என்பதை எளிதாகப் படிக்கும் பிள்ளை, ‘வீட்டிலிருந்துகொண்டே’ என்பதைக் கண்டதும் நின்றுவிடுகிறது. அச்சொல்லின் பொருள் அதற்குத் தெரியாததல்ல, ஆனால் எங்கே பிரித்துப் படிப்பது என்பது தெரிவதில்லை. ‘வீட்டுல’ என்று பேசிப் பழகிய பிள்ளைக்கு ‘வீட்டில்’ என்பதும் சற்றே அயலான வடிவம்தான். ஆதலால் தமிழில் தொடக்கநிலை நூல் என்பது வெறுமனே குறைந்த சொற்களைக் கொண்ட நூலாக இருந்தால் போதாது. புணர்ச்சியால் நீளாத, பேச்சு வழக்குக்கு அருகிலுள்ள சொற்களையும் அது கொண்டிருக்க வேண்டும். ‘அணில் பழம் தின்றது’ என்பது முதல் நிலைக்குரிய தொடர். ‘பழத்தைத் தின்றுகொண்டிருந்த அணிலைப் பார்த்தேன்’ என்பதோ, அதே அணிலும் அதே பழமும் இருந்தாலும், இரண்டு நிலைகள் தாண்டியது.

இதே காரணத்தால் வாசிப்பு வேகத்தை அளப்பதிலும் கவனம் தேவை. 2021 ஜூலை 5 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய ‘நிபுண் பாரத்’ இயக்கம், மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருளுணர்ந்து படிக்க வேண்டும் என்று இலக்கு வைத்துள்ளது. ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்களாக எழுதப்படுவதைத் தமிழ் ஒரே சொல்லில் அடக்கிவிடும்போது, 60 என்னும் எண் இரு மொழிகளிலும் ஒரே சுமையாக இருக்க முடியாது. 2022-இல் மூன்றாம் வகுப்பு மாணவரிடம் 20 மொழிகளில் நடத்தப்பட்ட தேசிய அடிப்படைக் கற்றல் ஆய்வு, மொழிக்கு மொழி தனித்தனி அளவுகோல்களை வகுத்ததும் இதனால்தான். கடிகாரத்தை வைத்துக்கொண்டு பிள்ளையை விரட்டும் வழக்கம் சில வகுப்பறைகளில் தலைகாட்டியிருப்பதால், ‘பொருளுணர்ந்து’ என்னும் சொல்லை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொருளுணர்வைச் சோதிக்க நீண்ட வினாத்தாள் வேண்டியதில்லை. ‘மழை தூறியதும் பாட்டி மாடிக்கு ஓடினாள்’ என்று ஒரு தொடர் இருப்பதாகக் கொள்வோம். யார் ஓடினார் என்று கேட்டால், தொடரை மேலோட்டமாகப் படித்த பிள்ளையும் சரியாகவே விடை சொல்லும். ஏன் ஓடினாள் என்று கேட்கும்போதுதான் படித்ததும் புரிந்ததும் வேறுபடுகின்றன. வடகம் காயப்போட்டிருப்பாள் என்றோ, துணி எடுக்கப் போயிருப்பாள் என்றோ சொல்லும் பிள்ளை, நூலில் இல்லாததைத் தன் வீட்டிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கிறது. இவ்வாறு விடை சொல்லத் தொடங்கிய பிள்ளையை அடுத்த நிலைக்கு நகர்த்தலாம். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்குமேல் தடுக்கினால், அந்த நூலை அப்போதைக்கு எடுத்துவைத்துவிட்டு எளிய நூலைக் கொடுப்பது நூலகங்களில் வழக்கமாகப் பின்பற்றப்படும் கணக்கு.

பெற்றோர் இவை குறித்துப் பள்ளியிடம் கேட்பதற்குச் சட்டத்தில் இடமுண்டு. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவைக்கேற்பக் கூடுதலாகக் கற்பிப்பதையும், பெற்றோரைத் தவறாது கூட்டிப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதையும் ஆசிரியரின் கடமையாக்குகிறது. ஆகவே ‘என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, சென்ற பருவத்தில் எந்த நிலையில் இருந்தது’ என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. அச்சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் கதைநூல்கள் உட்பட எல்லாப் பாடங்களுக்கும் உரிய நூல்களுடன் நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. 17-ஆம் பிரிவு உடல்சார்ந்த தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. நிலையின் பெயரையே பட்டப்பெயராக்கி ‘அரும்புப் பசங்க’ என்று ஒரு குழுவினரை நிரந்தரமாகத் தனி வரிசையில் உட்காரவைப்பது, இப்பிரிவின் நோக்கத்துக்கு எதிரானது என்பதே என் கருத்து. நிலை என்பது இன்றைய நாளுக்குரிய அளவீடு மட்டுமே. ஒரு பருவம் முழுவதும் மாறாமலே இருந்தால், முதலில் ஆராய வேண்டியது பிள்ளைக்குக் கிடைத்த நூல்களையும் நேரத்தையும்தான்.

அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் 21-ஆம் பிரிவின்படி அமைக்கப்படும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். வாசிப்பு நூல்கள் எத்தனை வந்தன, அவை வகுப்பறையின் வாசிப்புக் களத்தில் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி வைக்கப்பட்டுள்ளனவா, வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்படுகின்றனவா என்பவற்றை அக்குழுவின் கூட்டத்தில் எழுப்பித் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றலாம். கிழிந்துவிடும், தணிக்கையில் கேட்பார்கள் என்னும் அச்சத்தால் நூல்கள் பீரோவிலேயே பூட்டிக்கிடப்பது பல இடங்களில் காணப்படுவதே. வாசித்துக் கிழிந்த நூல்களைத் தனியே குறித்துக் கழிப்பதற்கும் ஈடுசெய்வதற்கும் குழுவே ஒரு தீர்மானம் இயற்றிக்கொடுத்தால், அந்தப் பூட்டைத் திறக்கத் தலைமையாசிரியருக்குத் துணிவு வரும்.