செயற்கைக்கோள் படத்தில் தங்கம் தெரியாது

பங்காருபேட்டை பக்கத்து விவசாயி ஒருவர் சுருட்டிய வரைபடத்தோடு வந்தார். "சார், இந்தச் சிவப்பெல்லாம் தங்கமாம். என் நிலத்துக்குக் கீழேயே ஓடுதாம்." வரைபடத்துக்காகக் கறவை மாடு இரண்டை விற்றிருந்தார். கோலார் தங்கவயல் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அந்த வட்டாரத்தில் இன்னமும் தங்கம் என்று யார் சொன்னாலும் மனம் அசைந்துவிடுகிறது.

எந்தச் செயற்கைக்கோளும் தங்கத்தைப் பார்ப்பதில்லை. நல்ல சுரங்கத்திலேயே ஒரு டன் பாறைக்குச் சில கிராம்தான் கிடைக்கும். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளியோ தரையில் 900 சதுர மீட்டர்.

செயற்கைக்கோள் படங்களை ஆராயும் நாங்கள் தேடுவது தங்கம் வந்த வழியை. பூமிக்குள் சூடான நீர் வெடிப்புகளில் ஏறும்போது சுற்றியுள்ள பாறையை மாற்றிவிடும். செரிசைட் என்ற மைக்கா, கயோலினைட் என்ற களிமண் போன்ற தாதுக்கள் உண்டாகும். இவை 2.2 மைக்ரோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும். 1999இல் டெர்ரா செயற்கைக்கோளில் ஏவப்பட்ட ஆஸ்டர் கருவி அதை நன்றாகப் பிரித்துக் காட்டியது; 2008இல் அந்த ஒளியை அளக்கும் பகுதி பழுதானாலும் பழைய படங்களை இன்றும் எடுத்துப் பார்க்கிறோம். அமெரிக்காவின் நெவாடா போன்ற வறண்ட, மொட்டைப் பாறை நிலத்தில் இந்த முறை அருமையாகக் கைகொடுக்கும். அங்கேயும் தாது மாற்றம் தெரிந்த இடமெல்லாம் தங்கம் இருக்காது.

கோலாரில் மண்ணும் பயிரும் பாறையை மூடிக்கிடக்கின்றன. பச்சை இலையிலுள்ள நீரும் 2.2 மைக்ரோமீட்டர் ஒளியை உறிஞ்சும். அதனால் 1.6 மைக்ரோமீட்டர் ஒளியின் அளவை 2.2 மைக்ரோமீட்டர் ஒளியின் அளவால் வகுக்கும் வழக்கமான கணக்கில், களிமண் தாதுவைப் போலவே தழைத்த தோட்டமும் பளிச்சென்று தெரியும். அவருடைய சர்வே எண்ணை வைத்துப் பல மாதப் படங்களை எடுத்துப் பார்த்தேன். அந்தச் சிவப்பு அவருடைய மல்பெரித் தோட்டம்! செடியை வெட்டிய மாதத்துப் படத்தில் சிவப்பையே காணோம். பாறை அப்படி வந்து வந்து போகாது.

யாராவது இப்படி வரைபடம் நீட்டினால், எந்தச் செயற்கைக்கோள், எந்தத் தேதி, எந்த அலைவரிசை என்று கேளுங்கள். நிலத்தில் இறங்கிப் பாறை மாதிரி எடுத்தார்களா, ஆய்வகத்தில் சோதித்த அறிக்கை எங்கே என்று கேளுங்கள். சொந்த நிலமானாலும் உரிமம் இல்லாமல் தங்கம் தேடித் துளையிட 1957ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் இடம் தராது.

அடுத்த வாரம் துளைபோடும் வண்டி வருவதாக இருந்தது, வரைபடம் விற்றவர்கள் மறுபடி முன்பணம் கேட்டிருந்தார்கள். விவசாயி என் அறையிலிருந்தே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாட்டுப் பணம் இன்னும் திரும்பவில்லை. போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார்.